குடும்ப மருத்துவரா, நேராக ஸ்பெஷலிஸ்டா?

அப்பாவுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டு வலி என்று மூன்றும் சேர்ந்துகொண்டபோது எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி வந்தது. ஒவ்வொன்றுக்கும் அந்தந்த ஸ்பெஷலிஸ்டிடம் நேராகப் போவதா, எதுவானாலும் முதலில் ஒரே பொது மருத்துவரைப் பார்ப்பதா? இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

ஸ்பெஷலிஸ்டின் பலம் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு துறையில் ஆழமான அறிவு, அதற்கான கருவிகள், நடுவில் ஒரு காத்திருப்பு மிச்சம். கோளாறு எங்கே என்று தெளிவாகத் தெரிந்தால் அதுவே நல்ல வழி. ஆனால் பல நேரம் அது தெரிவதில்லை. தலைசுற்றலுக்குக் காது, ரத்தசோகை, ரத்த அழுத்தம், சாப்பிடும் மாத்திரை என்று எதுவும் காரணமாக இருக்கலாம். யாரிடம் போவது என்று நோயாளியே ஊகித்துப் போனால், அங்கே எடுக்கும் டெஸ்ட் எல்லாம் நார்மல் என்று வரும். தலைசுற்றல் அப்படியே இருக்கும்.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது இதுவும் அல்ல, மருந்துப் பட்டியல்.

அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரை சிலருக்குக் கணுக்கால் வீக்கம் தரும். அப்பாவுக்கும் வந்தது. வீக்கத்தை மட்டும் பார்ப்பவர் நீர் பிரிய ஒரு மாத்திரை எழுதக்கூடும். அதனால் பொட்டாசியம் குறைந்து தசை பிடித்துக்கொண்டால் அதற்கு இன்னொன்று. எங்கள் மருத்துவர் புதிதாக எதையும் சேர்க்காமல் பழைய மாத்திரையை மாற்றினார், வீக்கம் வடிந்தது. ராமிப்ரில், எனலாப்ரில் வகை ரத்த அழுத்த மருந்துகளால் வரும் வறட்டு இருமலும் இப்படித்தான். காரணம் தெரியாமல் இருமல் சிரப்பாகவே குடித்துக்கொண்டிருப்பார்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் எடுத்தால் உடலில் வைட்டமின் பி12 குறையலாம். அதனால் கால் மரத்துப்போனாலும் பழி சர்க்கரையின் மேல் விழும்.

இதைவிடக் கவலையானது ஒன்று உண்டு. ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், கூடவே நீர் மாத்திரை, மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் அல்லது இபுப்ரோஃபென். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரியான மருந்து. மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு என்று உடலில் நீர் குறையும் நாட்களில் ஆபத்து இன்னும் அதிகம். மூன்று பேர் மூன்று சீட்டில் எழுதினால், மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது யார்? அந்த ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகவே நாங்கள் பொது மருத்துவரைப் பிடித்துக்கொண்டோம்.

நார்வேயில் சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து 2021இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களிடையே, ஒரு வருடமே இருந்தவர்களைவிட இறப்பு வாய்ப்பு சுமார் 25 சதவீதம் குறைவு. மருத்துவரை மாற்றாததுதான் காரணம் என்று இந்த வகை ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒதுக்கிவிடக்கூடிய வித்தியாசம் இல்லை அது.

ஒரு நிபந்தனை: வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கடையில் தானாக வாங்கிய வலி மாத்திரை, வைட்டமின், மூலிகைப் பொடி உட்பட. பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரைகூட தைராய்டு டெஸ்ட் முடிவைக் குழப்பும். நாங்கள் ஒரே தாளில் மருந்தின் பெயர், அளவு, எதற்காக, யார் எழுதியது, எப்போது ஆரம்பித்தது என்று எழுதி ஒவ்வொரு முறையும் கொண்டுபோகிறோம். எதையும் நாமாக நிறுத்துவது மட்டும் கூடாது.

சரி, எல்லாவற்றுக்கும் இதே வழியா? இல்லை. நெஞ்சு வலி, திடீரென முகம் கோணுவது, பேச்சு குழறுவது என்றால் இருவரும் வேண்டாம், நேராக அவசரப் பிரிவுதான். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமாக நாலரை மணி நேரம்தான் கெடு. புற்றுநோய் மாதிரியான நீண்ட சிகிச்சையை எங்கள் வீடு பார்த்ததில்லை. அங்கே ஸ்பெஷலிஸ்டே நடுவில் இருப்பதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன், அனுபவத்தில் சொல்லவில்லை.

பொது மருத்துவர் எல்லோரும் ஒரே தரமும் அல்ல. தேவையானபோது தயங்காமல் ஸ்பெஷலிஸ்டுக்குக் கடிதம் கொடுக்கிறாரா, அங்கிருந்து திரும்பியதும் புதுச் சீட்டைப் பழைய பட்டியலோடு ஒப்பிடுகிறாரா என்று பாருங்கள். இரண்டும் இல்லை என்றால், தாளை எடுத்துக்கொண்டு வேறு மருத்துவரிடம் போய்விடலாம்.