அப்பாவின் ஏர் பெட்: இரண்டரை வருடத்துக்குப் பிறகு

2022 டிசம்பரில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போதே நர்ஸ் சொல்லி அனுப்பினார்: "ஏர் பெட் வாங்கிடுங்கம்மா. படுக்கைப் புண் வந்துட்டா ஆறுறது ரொம்பக் கஷ்டம்." தஞ்சாவூரில் ஒரு சர்ஜிகல்ஸ் கடையில் பம்ப்போடு 2,800 ரூபாய் ஆனது. இப்போது போட்டிருப்பது மூன்றாவது ஷீட். பம்ப் மட்டும் அதேதான்.

இது விருந்தாளிகளுக்குக் காற்றடித்துப் போடும் மெத்தை இல்லை. இட்லிகளை நெருக்கி அடுக்கியது போல வரிசை வரிசையாகக் குமிழ்கள் உள்ள பிவிசி ஷீட். கட்டிலில் இருக்கும் மெத்தைக்கு மேலே விரிக்க வேண்டும். பம்ப்பிலிருந்து இரண்டு குழாய்கள் வரும். ஒன்றுவிட்டு ஒன்றாகச் சில குமிழ்கள் உப்பும்போது மற்றவை தளரும், சில நிமிடங்களில் மாறிக்கொள்ளும். ஒரே இடம் அழுந்திக்கொண்டே இருக்காது என்பதால் அங்கே ரத்தம் போக வழி கிடைக்கிறது.

முதல் வாரம் அப்பாவுக்குப் பிடிக்கவே இல்லை. "கீழேருந்து யாரோ கைய வச்சுத் தள்ற மாதிரி இருக்கும்மா" என்றார். நன்றாக உப்பியிருந்தால்தான் நல்லது என்று நினைத்து பம்ப்பில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் நாபை முழுதாகத் திருகி வைத்திருந்தோம். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட்தான் சொல்லிக்கொடுத்தார். ஷீட்டுக்கு அடியில், இடுப்புக்கு நேராக, உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை நுழைக்க வேண்டும். எலும்பு கையில் இடித்தால் காற்று போதாது. ஓர் அங்குலமாவது காற்று இடையில் நிற்க வேண்டும், அதற்காகக் கல் மாதிரியும் ஆகிவிடக் கூடாது. அப்பாவின் 58 கிலோவுக்கு நாப் பாதிக்குச் சற்றுக் கீழே இருந்தால் சரியாக வந்தது. அன்று ராத்திரிதான் அவர் விடியும்வரை தூங்கினார்.

வெயில் காலத்தில் பிவிசி முதுகை நனைத்துவிடும். ஈரம் பட்ட தோல் சீக்கிரம் உரியும், அதனால் இதை அலட்சியப்படுத்தவே கூடாது. ரப்பர் ஷீட், ஜமக்காளம், போர்வை என்று மேலே மேலே போட்டால் குமிழ் வேலை செய்வதே உடம்புக்குத் தெரியாது. நாங்கள் போடுவது அப்பாவின் பழைய நாலு முழ வேட்டி ஒன்றே ஒன்று, இழுத்துச் செருகாமல் தளர்வாக.

ஷீட் எத்தனை நாள் உழைக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். முதல் ஷீட் ஒன்பது மாதம் வந்தது. கழுவி மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டதில் பிவிசி விறைத்து, குழாய் சேரும் இடத்தில் விரிந்துவிட்டது. இரண்டாவதை நிழலிலேயே உலர்த்தினோம். 14 மாதம் ஓடியது. அதில் கொசுவலை ஊக்கு குத்திய ஓட்டையைச் சோப்புத் தண்ணீர் தடவிக் கண்டுபிடித்து, கூடவே வந்த ஒட்டுத் துண்டை வைத்து ஒட்டினேன், நின்றது. ஆனால் குமிழ்களுக்கு நடுவே உள்ள மடிப்பு பிரிந்தால் எதை ஒட்டினாலும் நிற்காது. பம்ப்பைத் தரையில் வைத்தால் தூசி இழுக்கும் என்று கட்டிலின் கால்மாட்டில் மாட்டியிருக்கிறோம். உள்ளே இருக்கும் ரப்பர் ஒருமுறை தளர்ந்தது, மெக்கானிக் 150 ரூபாய்க்கு மாற்றித் தந்தார்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். ஏர் பெட் இருக்கிறதே என்று இரண்டு நாள் அப்பாவைத் திருப்பிப் படுக்கவைப்பதில் அசந்துவிட்டோம். குதிகால் சிவந்துவிட்டது, விரலால் அழுத்தினாலும் சிவப்பு மறையவில்லை. பயந்துபோனேன். இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் அலாரம் வைத்துத் திருப்புகிறோம். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும். இதுவரை ஒரு புண்கூட வரவில்லை.

வாங்கப் போகிறவர்கள் கடையில் ஷீட் தனியாகக் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எங்களுக்கு 1,100 ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒன்று எப்போதும் பீரோவில் இருக்கும். அப்புறம் பம்ப்பை இன்வெர்ட்டரோடு சேர்த்துவிடுங்கள், மிகக் கொஞ்சம் கரண்ட்தான் எடுக்கும். எங்கள் வீட்டில் அதைச் செய்வதற்கு முன்னால், கரண்ட் போய் அந்த மெல்லிய உறுமல் நின்றதும் முதலில் விழிப்பவர் அப்பாதான். இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டி எங்களை எழுப்புவார்.