துருப்பிடிக்காத எலிக்கூண்டு என்று சொல்லி 9,600 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்

வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் வயல் வைத்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து படியுங்கள். சம்பாப் பயிர் கதிர் வெளியே வருவதற்கு முன் பொதிகட்டும் நேரம், எல்லோரும் எலிக்கு வழி தேடி அலைகிறோம். "கடல் காத்துக்கும் துருப்பிடிக்காது" என்று சொல்லி யாராவது கூண்டு விற்றால் வாங்காதீர்கள், சோதிக்காமல் வாங்கவே வாங்காதீர்கள். எனக்குப் போனது 9,600 ரூபாய். எப்படிப் பார்த்து வாங்குவது, துருவிலிருந்து எப்படிக் காப்பது என்று கீழே விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், வயிறு எரிகிறது.

எங்கள் வயலில் எப்போதும் மூங்கில் கிட்டிதான், எலியை இறுக்கிப் பிடிக்கும் மூங்கில் பொறி. ஆனால் வைக்கோல் போர், மோட்டார் கொட்டகை, வீட்டை ஒட்டிய வரப்பு இங்கெல்லாம் கூண்டுதான் சரி. நாயும் கோழியும் மேயும் இடத்தில் மருந்து வைக்க முடியாது. பழைய கூண்டுகள் உப்புக்காற்றில் அரித்துப் போனதால் பக்கத்து டவுனில் விவசாயக் கருவிகள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். பெயர் போடவில்லை, நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறேன், அதற்கு முன்னால் எழுதி வேறு சிக்கல் வேண்டாம்.

நான் கேட்ட முதல் கேள்வியே துருவைப் பற்றித்தான். அந்த ஆள் ஒரு கூண்டை எடுத்து, கடை வாசலில் இருந்த பக்கெட் தண்ணீரில் முக்கி, துண்டால் துடைத்து என் கையில் கொடுத்தார். "பாருங்கண்ணே, பெயிண்ட் இல்ல, எல்லாம் ஜி.ஐ., துத்தநாகம் பூசின இரும்பு. வெல்டு அடிச்ச பிறகு முழுக் கூண்டையும் துத்தநாகத்துல முக்கி எடுத்தது. அஞ்சு வருஷத்துக்கு நான் பொறுப்பு. எங்க அப்பாவும் விவசாயிதான், உங்ககிட்ட பொய் சொல்வேனா?" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். அந்த அப்பா பேச்சில்தான் என் மனம் இளகியது. ஒரு கூண்டு 350 ரூபாய், 24 கூண்டு. கூடவே "துரு தடுக்கும் ஸ்பெஷல் ஆயில்" என்று ஒரு கேன் 1,200. மொத்தம் 9,600 ரூபாய், கையில் எண்ணிக் கொடுத்த பணம்.

ஒரே ஒரு மழைதான். முதலில் வெல்டு வைத்த புள்ளிகள் எல்லாம் சிவந்தன. அப்புறம் கதவின் கீல், அப்புறம் ஸ்பிரிங். நகத்தால் கீறினால் வெள்ளிப் பூச்சு செதில் செதிலாக உதிர்கிறது, அடியில் வெறும் இரும்பு. கீல் இறுகிப்போய் கதவு பாதியில் நிற்கிறது, எலி இரையைத் தின்றுவிட்டு நிதானமாக வெளியே போகிறது. அந்த ஸ்பெஷல் ஆயிலைத் திறந்தால் வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயில் வாடை. அதைப் பூசிய கூண்டுப் பக்கம் ஒரு எலிகூட வரவில்லை. புதுப் பொருளைக் கண்டாலே ஒதுங்குகிற பிராணி, இந்த நாற்றத்துக்கா வரும்? அதற்குள் பொதிகட்டிய தூர்களை வரப்போரமாக வெட்டிப் போட்டுவிட்டது.

கூண்டோடு கடைக்குப் போனேன். "மழையில போட்டா இரும்பு துருப்பிடிக்கத்தான் சார் செய்யும்" என்றார், அதே ஆள். ஐந்து வருடம் என்றீர்களே என்றேன். "அது கம்பெனி சொல்றது, போட்டோ அனுப்புங்க, பேசுறேன்." அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை. போன் செய்தால் கடைப் பையன் எடுத்து "ஓனர் வெளியூர் போயிருக்காரு" என்கிறான், பின்னால் அவர் குரலே கேட்கிறது. மறுபடி நேரில் போனபோது, "பில்லுல கேரண்டின்னு எழுதியிருக்கா சார்?" என்று கேட்டார். பில்லை எழுதியதே அவர்தானே! 9,600 ரூபாய் அந்த ஆளுக்கு ஒரு நாள் வியாபாரம், எனக்கு அறுப்புக் கூலிக்கு எடுத்து வைத்த பணம்.

சரி, நேரமில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். தண்ணீரில் முக்கிக் காட்டுவது சோதனையே இல்லை. துணியில் தின்னர் நனைத்துத் தேயுங்கள். அலுமினிய பெயிண்ட் என்றால் துணியில் ஒட்டிக்கொண்டு வரும், துத்தநாகம் வராது. வெல்டு புள்ளிகளை உற்றுப் பாருங்கள். வலையை முதலில் பூசிவிட்டுப் பிறகு வெல்டு அடித்திருந்தால் அந்தச் சூட்டில் பூச்சு எரிந்துபோயிருக்கும், துரு அங்கேதான் தொடங்கும். கருவாடு வைத்தால் காலையில் கொக்கியைக் கழுவிக் காயவையுங்கள், அந்த உப்பும் எலி மூத்திரமும் கம்பியைத் தின்றுவிடும். கீலுக்குத் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு போதும், டீசல் வேண்டாம். வேலை முடிந்தால் ஸ்பிரிங்கை இழுத்து மாட்டிய நிலையில் வைக்காதீர்கள். "கேரண்டி" என்ற சொல்லையும் கடை முத்திரையையும் பில்லில் வாங்காமல் காசை எடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915. நான் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, அதற்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே மாதிரி வெள்ளிப் பூச்சுக் கூண்டு வாங்கி ஏமாந்தவர்கள் இந்தப் பக்கம் இருந்தால் பில்லோடு சொல்லுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.