சைலண்ட்டில் இருந்த போனுக்கு ரூ.3,850 வாங்கிவிட்டார்கள். ரிச்சி தெரு பக்கம் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

ரூ.3,850 போச்சு. போனில் ஒரு பழுதும் கிடையாது. சத்தம் வராதபடி ஸ்கிரீனில் ஒரு பட்டன் விழுந்து ஆன் ஆகியிருந்தது, அவ்வளவுதான். அது என்ன பட்டன் என்று நன்றாகத் தெரிந்த ஒரு ஆள், அதை எடுத்துவிட்டு, "ஐ.சி. போயிடுச்சும்மா" (போனுக்குள் இருக்கிற சிப்பாம்) என்று சொல்லி என்னிடம் ரூ.3,850 வாங்கியிருக்கிறார்.

கடைப் பெயரைப் போடவில்லை. அண்ணன் வேண்டவே வேண்டாம் என்கிறார். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கண்ணாடிக் கவுண்டரும் அதற்குப் பின்னால் ஒரு திரையும் தொங்குகிற சின்ன சர்வீஸ் கடை, அது போதும். அந்தத் தெருவில் நாணயமான கடைகளும் நிறைய இருக்கின்றன. அவர்கள் பிழைப்பில் மண் போடுவது என் எண்ணமில்லை. இனிமேல் இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

"சைலண்ட் எடுக்கக்கூடத் தெரியாதா" என்று கேட்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரிந்திருந்தால் நான் ஏன் கடைக்குப் போகிறேன்? தலைவலி என்று போனவரிடம் "உனக்கு ஒன்றுமில்லை, தூங்கு, சரியாகிவிடும்" என்று அனுப்புகிறவரைத்தான் நல்ல டாக்டர் என்கிறோம். தலையைத் திறந்து பார்த்ததாகப் பில் போடுகிறவரை என்ன சொல்வது?

நான் மேற்கு மாம்பலத்தில் வீட்டிலேயே சீர் பட்சணம் செய்து கொடுக்கிறேன். முறுக்கு, அதிரசம், லாடு, மைசூர்பாகு. கடை கிடையாது, போர்டு கிடையாது, எல்லாம் போன்தான். ஆவணி முகூர்த்தங்கள் நெருங்குகிற நேரத்தில் போன் ஊமையாகிவிட்டது. ஸ்கிரீன் ஒளிரும், பெயர் வரும், சத்தம் வராது. அதிர்வும் இல்லை. மாவு பிசைந்துகொண்டிருக்கிறவள் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் வரிசையாக மிஸ்டு கால். "அக்கா, நீங்க எடுக்கவே இல்ல, வேற இடத்துல சொல்லிட்டோம்" என்று ஒரு வளைகாப்பு ஆர்டர் போனது. அது இந்த ரூ.3,850 கணக்கில் சேராது.

ஒன்று மட்டும் விசித்திரமாக இருந்தது. எப்போதாவது சத்தம் வந்தது. அதுவும் ஒருவர் கூப்பிட்டு, நான் எடுக்காமல், அவர் உடனே மறுபடி கூப்பிட்டால் அந்த இரண்டாவது அழைப்புக்கு அடித்தது. இதை மறந்துவிடாதீர்கள். விஷயமே இதில்தான் இருக்கிறது.

மாம்பலத்தில் ரயில் ஏறி, எழும்பூரில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் "என்ன பிரச்னை, என்ன பிரச்னை" என்று கையைப் பிடித்து இழுக்காத குறை. இந்த ஆள் மட்டும் கூப்பிடவில்லை. ஒரு போனை லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவே எனக்கு நம்பிக்கையாகப் பட்டது. நிமிர்ந்து பார்த்தவர், "உக்காருங்கம்மா" என்று ஸ்டூலை நகர்த்தினார். "ஃபேனை அம்மா பக்கம் திருப்புடா" என்றார் பையனிடம். டீ வந்தது. வேண்டாம் என்றதற்கு, "எங்கம்மா வயசு உங்களுக்கு, வெயில்ல வந்திருக்கீங்க" என்றார். அந்த டீயையும் இந்த ரூ.3,850-இல் சேர்த்துத்தான் வாங்கியிருப்பார்.

தன் போனிலிருந்து என் நம்பருக்கு அடித்தார். ஸ்கிரீன் ஒளிர்ந்தது, சத்தமில்லை.

"காலையில அலாரம் அடிக்குதாம்மா?"

"அது நல்லா அடிக்குது."

"வாட்ஸ்அப்ல வீடியோ வந்தா சத்தம் கேக்குதா?"

"கேக்குது."

தலையை ஆட்டிவிட்டு உடனே இன்னொரு முறை என் நம்பருக்கு அடித்தார். இந்த முறை கணீரென்று அடித்தது. "பாத்தீங்களா? ஒரு தடவை வருது, ஒரு தடவை வரல. லூஸ் காண்டாக்ட். ரிங்கரும் போயிருக்கு, அதுக்குக் கரண்ட் குடுக்குற ஐ.சி.யும் போயிருக்கு. இப்படியே விட்டீங்கன்னா போர்டே போயிடும்மா."

வீடியோ சத்தம் மட்டும் எப்படி வருகிறது என்று நான் கேட்டேன். கேட்காமல் இல்லை. "அது வேற ஸ்பீக்கர், ரிங்கர் வேற" என்றார், கண் சிமிட்டாமல்.

இப்போது எனக்குத் தெரிகிறது. அந்த ஆள் கேட்ட இரண்டு கேள்வியும் இரண்டாவதாக அடித்த போனும் ஐ.சி.யைச் சோதிக்கிற வழியே அல்ல. போனில் 'தொந்தரவு செய்யாதே' என்ற ஒன்று இருக்கிறது, டி.என்.டி. என்கிறார்கள். அது விழுந்திருந்தால் அழைப்புக்கும் மெசேஜுக்கும் சத்தம் வராது. அலாரம் அடிக்கும், வீடியோ கேட்கும். ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் அதற்குள் ஒரு விதிவிலக்கும் உண்டு: ஒரே நம்பரிலிருந்து 15 நிமிடத்துக்குள் மறுபடி அழைத்தால், ஏதோ அவசரம் போலிருக்கிறது என்று அந்த இரண்டாவது அழைப்பை விட்டுவிடும். என் போன் செய்ததெல்லாம் இதைத்தான். ரிங்டோனுக்கும் வீடியோவுக்கும் ஒரே ஸ்பீக்கர்தான். தினமும் போனோடு மாரடிக்கிற ஆளுக்கு நான் சொன்ன பதிலிலேயே விஷயம் விளங்கியிருக்கும். விளங்கிய பிறகுதான் ஐ.சி. கதை ஆரம்பித்தது.

போனைத் திறக்கிற நம்பரைக் கேட்டார், சொன்னேன். அதை ஒரு துண்டு டேப்பில் எழுதிப் போனின் முதுகில் ஒட்டினார். திரைக்குப் பின்னால் போனார். முக்கால் மணி நேரம் இருக்கும். திரும்பி வந்தபோது போன் சூடாக இருந்தது, தின்னர் வாசனை அடித்தது. கூடவே ஒரு சின்ன ஜிப் கவரில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புச் சாமானை என் கையில் கொடுத்து, "இதாம்மா உங்க பழைய ரிங்கர், பாருங்க, காயில் கருகிடுச்சு" என்றார். பழைய சாமானைக் கையிலேயே கொடுக்கிறாரே, எவ்வளவு நேர்மை என்று தோன்றியது. என்ன நாடகம்!

ரிங்கர் 1,200, ஐ.சி. 1,900, சர்வீஸ் 750. மொத்தம் ரூ.3,850. பில் கேட்டேன். "பில் போட்டா 18 சதவீதம் ஜிஎஸ்டி ஏறும்மா, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு" என்று விசிட்டிங் கார்டின் பின்னால் 'ரிங்கர், ஐ.சி.' என்று கிறுக்கிக் கொடுத்தார். ஜிபேயில் அனுப்பியபோது வந்த பெயர் கடைப் பெயர் அல்ல, யாரோ ஒரு தனி ஆளின் பெயர்.

போன் அடித்தது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். எதிர் வீட்டில் அந்தக் கடையைப் பற்றி நல்லவிதமாக வேறு சொல்லிவைத்தேன்.

கொஞ்ச நாளில் மறுபடி ஊமை. முதல் முறைக்கு அடிக்கவில்லை, உடனே கூப்பிட்டால் அடிக்கிறது, அச்சு அசலாக அதே கோளாறு. அன்றைக்கு அண்ணன் மகள் வந்திருந்தாள். போனை வாங்கி, மேலேயிருந்து விரலால் இழுத்தாள். "அத்தை, இங்க பாருங்க." மேலே ஓரத்தில் வட்டத்துக்குள் ஒரு சின்னக் கோடு போட்ட அடையாளம். அதைத் தொட்டாள், போய்விட்டது. தன் போனிலிருந்து அடித்தாள். அடித்தது.

நான் நம்பவில்லை. மறுபடி அந்தச் சின்னத்தைப் போடச் சொன்னேன். போட்டாள். பிறகு தன் போனில் என் கூகுள் கணக்கைத் திறந்து, தொலைந்த போனைக் கண்டுபிடிக்கிற பகுதிக்குப் போய், ஒலி எழுப்பு என்று அழுத்தினாள். சைலண்ட்டில் இருக்கும்போதே என் போன் தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறியது. போன் சைலண்ட்டில் இருந்தாலும் இது முழுச் சத்தத்தில் 5 நிமிடம் அடிக்குமாம். ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க இதைவிட என்ன வேண்டும்? ஒரு பைசா செலவில்லை.

எப்படி விழுந்தது என்பதையும் அவளே கண்டுபிடித்தாள். எண்ணெய்க் கை பட்டால் முந்தானையால் ஸ்கிரீனை மேலிருந்து கீழாகத் துடைப்பேன். அப்போது அந்தப் பட்டன்கள் இறங்கி வருகின்றன, துணி பட்டு ஒன்று விழுந்துவிடுகிறது. அடுப்படியில் இருக்கிற யாருக்கும் இது நடக்கும்.

ஒருவேளை ரிங்கரையும் மாற்றியிருப்பாரோ என்று ஒரு சபலம். அயோத்தியா மண்டபம் பக்கத்தில் போன் ரிப்பேர் பண்ணுகிற ஒரு தம்பியிடம் கொடுத்து, என் கண் முன்னாலேயே திறக்கச் சொன்னேன். ஹேர் டிரையர் மாதிரி ஒன்றால் சூடு காட்டி மெதுவாக மூடியை நெம்பினார். சுற்றிவர கம்பெனியில் ஒட்டிய பசை அறுபடாமல் நூல் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. உள்ளே ஒரு திருகின் தலைமேல் துளியூண்டு வெள்ளை ஸ்டிக்கர், கீறல்கூட இல்லை. "இந்த திருகைக் கழட்டாம ஸ்பீக்கர் பக்கம் போகவே முடியாதுக்கா. இதுல யாரும் கை வைக்கல" என்றார். ஜிப் கவரைக் காட்டினேன். சிரித்துவிட்டார். அது என் போன் மாடலுடைய சாமானே இல்லையாம். நிஜமாகவே ஸ்பீக்கர் போயிருந்தாலும் ஐந்நூறு ரூபாயைத் தாண்டாது என்றார். மூடியை ஒட்டிக் கொடுத்ததற்கு நூறு ரூபாய்கூட வாங்க மாட்டேன் என்று அடம் பிடித்தார், நான்தான் திணித்துவிட்டு வந்தேன்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. போன் பண்ணினால் "ஓனர் வெளியில இருக்காரு." மறுபடி பண்ணினால் "லைன்ல இருங்க" என்று வைத்துவிடுவார்கள். அதன்பிறகு எடுப்பதே இல்லை. அவர்கள் போன் மட்டும் நன்றாகத்தான் ரிங் போகிறது.

நேரிலேயே போனேன். அன்றைக்கு "அம்மா" என்றவருக்கு இன்றைக்கு நான் "மேடம்". ஸ்டூல் இல்லை, ஃபேன் அவர் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தது.

"மேடம், கொண்டு வந்தப்ப ரிங் வரல. கொண்டு போனப்ப வந்துச்சு. அப்புறம் என்ன?"

ஸ்டிக்கரைப் பற்றிச் சொன்னேன். "அதெல்லாம் நாங்களே புதுசா ஒட்டிடுவோம்." பசை? "அதுவும்தான்." சரி, இந்த ரிங்கர் என் போனுடையது இல்லையே? அதற்குப் பதில் இல்லை, வேறொன்று பிடித்துக்கொண்டார். "வெளியில குடுத்துத் திறந்திருக்கீங்க இல்ல? வேற ஆள் கை வெச்சா எங்க பொறுப்பு இல்ல மேடம்." அதாவது திறக்காமல் இருந்தால் அவர் திருட்டு தெரியாது, திறந்தால் அவருக்குப் பொறுப்பில்லை.

குரல் உயர்ந்ததும் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். உடனே சமாதானம்: "வேணும்னா டெம்பர் கிளாஸ் ஒண்ணு ஃப்ரீயா போட்டுத் தர்றேன், எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க." ரூ.3,850-க்கு ஒரு டெம்பர் கிளாஸ்! வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். கோபத்தில் எல்லாம் ஓடவில்லை, தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். போன் அடிக்கவில்லை என்றால் முதலில் ஸ்கிரீனை மேலிருந்து இழுத்து, வட்டத்துக்குள் கோடோ பிறைநிலாவோ இருக்கிறதா என்று பாருங்கள். சத்தப் பட்டனை அழுத்தினால் வருகிற மணிச் சின்னத்தையும் பாருங்கள். ரிங்டோன் சத்தம் வேறு, வீடியோ சத்தம் வேறு, ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று ஏறாது. ஐபோன் என்றால் இடப்பக்கம் சத்தப் பட்டனுக்கு மேலே ஒரு சின்ன சுவிட்ச், ஆரஞ்சு நிறம் தெரிந்தால் சைலண்ட். 2023-இல் வந்த 15 ப்ரோவிலிருந்து சுவிட்ச் போய் அந்த இடத்தில் ஒரு பட்டன் வைத்துவிட்டார்கள். காதில் மாட்டுகிற ப்ளூடூத் எங்காவது ஆனில் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

அலாரம் அடிக்கிறது, அழைப்புக்கு அடிக்கவில்லை என்றால் ஐ.சி., போர்டு என்று எவன் சொன்னாலும் போனை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். திரைக்குப் பின்னால் போனைக் கொடுக்காதீர்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். திறக்கிற நம்பரைக் கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள், நானும் மாற்றிவிட்டேன். என் படங்களையும் மெசேஜ்களையும் அந்த முக்கால் மணி நேரத்தில் யார் யார் பார்த்தார்களோ, நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். புகார் கொடுத்திருக்கிறேன். அதில் நடக்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு அங்கே கட்டணமே கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போகலாம். ஜிபே ரசீது, கிறுக்கிய விசிட்டிங் கார்டு, அந்த ஜிப் கவர் மூன்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அண்ணன் "ரூ.3,850-க்காக இவ்வளவு அலையணுமா" என்கிறார். அலைவேன்.