பதிவேட்டில் 120 மணி நேரம், தண்ணீரில் 31

சின்னப் பாய்மர டிங்கியில் தனியாகக் கடல் கடக்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருந்து, அதற்கான பயிற்சிக்குப் பணம் கட்டப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எட்டு மாதம் சேர்த்த பணம் எனக்குப் போய்விட்டது. உயிரும் போயிருக்கும் என்பதால்தான் எழுதுகிறேன்.

தனியாகப் பெருங்கடல் போகிறவர்களுக்கென்றே நடத்தும் பயிற்சி என்று விளம்பரம். மூன்று வாரம், தண்ணீரில் 120 மணி நேரம், அதில் மூன்று இரவுகள் கரை தெரியாத கடலில், முடிவில் சான்றிதழ். முழுத்தொகையையும் முதல் நாளே வாங்கிக்கொண்டார்கள். பயிற்சியாளர் அன்பாகப் பேசுகிறவர், அறைச் சுவர் முழுக்கப் படகுப் படங்கள். நான் எதையும் துருவிக் கேட்கவில்லை.

பயிற்சி எல்லாம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்கு உள்ளேதான் நடந்தது. காற்று கொஞ்சம் எழும்பினால் அன்றைக்கு வகுப்பறை. எங்கே போனாலும் பக்கத்திலேயே மோட்டார் படகு வரும். கவிழ்ந்த படகை நிமிர்த்தும் பயிற்சி மொத்தமே ஒரு முறை. காலிப் படகு, காற்றில்லாத காலை நேரம். பாய்மரத்தின் நுனியை அவர் மோட்டார் படகிலிருந்து கையால் தாங்கிக்கொண்டார். படகின் நடுவில் ஒரு பிளவு வழியாகத் தண்ணீருக்குள் இறங்கும் பலகைக்குச் சென்டர்போர்டு என்று பெயர். நான் அதில் ஏறி நின்று இழுத்தேன், படகு நிமிர்ந்தது. "முடிஞ்சுது தம்பி, நீங்க தேறிட்டீங்க" என்றார். அவர் தாங்கியதால்தான் படகு தலைகீழாகப் புரளவில்லை என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

மூன்று இரவுகளும் நடக்கவே இல்லை. முதலில் வானிலை சரியில்லை, அப்புறம் மோட்டாரில் கோளாறு, அப்புறம் "சான்றிதழ் வாங்கின பிறகு எல்லாரும் தாங்களே போயிடுவாங்க."

ஒரு கேள்வியை மட்டும் விடாமல் கேட்டேன். தனியாகப் போகும்போது எப்படித் தூங்குவது? "தூக்கம் வந்தா தூங்குங்க தம்பி, மத்ததைக் கடல் கத்துக்கொடுக்கும்" என்றார். இது எவ்வளவு ஆபத்தான பதில் என்று இப்போது தெரிகிறது. பெரிய பாய்மரப் படகுக்கு அடியில், அது கவிழாமல் பிடித்துவைக்கும் கனமான கீல் இருக்கும். டிங்கிக்கு அது கிடையாது. காற்று வரும் பக்கத்து விளிம்பில் சாய்ந்து உட்காரும் உங்கள் உடம்புதான் கீலுக்குப் பதிலான எடை. நீங்கள் படுத்துவிட்டால் அந்த எடை இல்லை. அதனால் பாயை இறக்கி, முன்பக்கத்திலிருந்து கடல் நங்கூரத்தை (தண்ணீருக்குள் குடைபோல விரிந்து படகை இழுத்துப் பிடிக்கும் துணியை) விட்டு, படகின் முகத்தை அலைக்கு நேராக நிறுத்திவிட்டுத்தான் கண்ணை மூட முடியும். அப்போதும் அலாரம் வைத்துக் குட்டித் தூக்கம்தான். எப்போதும் கண்காணிப்பு இருக்க வேண்டும் என்று கடல் மோதல் தடுப்பு விதிகளில் 5ஆம் விதி சொல்கிறது, தனியாகப் போகிறவர் ஒவ்வொரு தூக்கத்திலும் அதை மீறித்தான் ஆகிறார். டிங்கியில் உட்கார்ந்திருப்பவரின் கண், நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானம் இரண்டு கடல் மைல் தூரம்தான். 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 20 கடல் மைலில், வரும் கப்பல் 20 நிமிடத்தில் ஆறு கடல் மைலுக்கு மேல் வந்துவிடும். உயரமான கப்பல் இன்னும் தள்ளி இருக்கும்போதே தெரியும் என்பது சரி, ஆனால் அலைப்பள்ளத்தில் இருக்கும்போது எதுவும் தெரியாது. இதில் ஒரு வரியைக்கூட அந்த மூன்று வாரத்தில் நான் கேட்கவில்லை.

கடைசி நாள் ஒரு பதிவேட்டைக் கொண்டுவந்தார். ஏற்கெனவே எழுதி நிரப்பியது. 120 மணி நேரம், மூன்று இரவுகள், ஒவ்வொன்றுக்கும் தேதி, காற்றின் வேகம். என் குறிப்பேட்டின்படி நான் தண்ணீரில் இருந்தது 31 மணி நேரம். "சும்மா ஒரு சம்பிரதாயம், கையெழுத்து போடுங்க" என்றார். சான்றிதழ் கைக்கு வரும் சந்தோஷத்தில் போட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, ஓர் இரவுப் பயண ஒத்திகைக்காகத் தனியாகக் கிளம்பினேன். 40 லிட்டர் தண்ணீர், டின் உணவு, நங்கூரம் எல்லாம் ஏற்றியிருந்தேன். மதியத்துக்கு மேல் காற்று 18 நாட் ஆனது. பாயை மறுபக்கம் திருப்பும்போது கயிறு பிடிப்பானில் சிக்கிக்கொள்ள, படகு கவிழ்ந்தது. கவிழ்ந்ததோடு நிற்காமல் தலைகீழாகப் புரண்டது. மூன்றாவது முயற்சியில் நிமிர்த்திவிட்டேன். ஆனால் உள்ளே விளிம்புவரை தண்ணீர். ஒரு பக்கமாக ஏறினால் மறுபடி கவிழ்கிறது. பின்பக்கமாக ஏறி வாளியால் இறைத்தால், சென்டர்போர்டு இறங்கும் பிளவு வழியாக அதே அளவு தண்ணீர் உள்ளே வருகிறது. அந்தப் பிளவைத் துணியால் அடைத்துவிட்டுத்தான் இறைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. பக்கத்துப் படகுகளோடு பேசும் கையடக்க வி.எச்.எஃப். ரேடியோவும், அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்குச் சிக்னல் அனுப்பும் அவசர பீக்கனும் பையில் இருந்தன. முதலில் புரண்டபோதே அந்தப் பை மிதந்து போய்விட்டது. அவை உடம்போடு கட்டியிருக்க வேண்டியவை. ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து ஒரு மீன்பிடிப் படகுக்காரர் பார்த்ததால் பிழைத்தேன். வழியில் பையையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

கரைக்கு வந்து பீக்கனைப் பார்த்தேன். அந்தப் பயிற்சியாளரே 'புதுசு மாதிரி' என்று விற்றது. பேட்டரியின் காலாவதித் தேதி எப்போதோ முடிந்திருந்தது. எண்ணைக் கொடுத்து விசாரித்ததில், அது இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் பதிவாகியிருந்தது. இந்த மாதிரி 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கனை அழுத்தினால் மீட்பு மையம் முதலில் தொடர்புகொள்வது பதிவில் இருக்கும் தொலைபேசி எண்ணைத்தான். என்னைப் பற்றி, என் படகைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரை எழுப்பியிருப்பார்கள். லைஃப் ஜாக்கெட்டை ஊதவைக்கும் வாயுச் சிலிண்டரையும் எடை போட்டேன். அதன் மேல் அச்சிட்டிருந்த எடைக்குக் குறைவாக இருந்தது, அதாவது ஏற்கெனவே பயன்படுத்தியது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். மூன்று முறை. பதிவேட்டின் படத்தை அனுப்பி, "120 மணி நேரம் முடிச்சதா நீங்களே கையெழுத்து போட்டிருக்கீங்களே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் சொல்கிறேன், நடக்காத ஒரு மணி நேரத்துக்குக்கூடக் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் சொந்தக் குறிப்பை அன்றன்றைக்கே எழுதி, அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

மூன்று வாரத்தில் பெருங்கடல் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 1965இல் ராபர்ட் மேன்ரி பதின்மூன்றரை அடி நீளமுள்ள டிங்கர்பெல் படகில் 78 நாளில் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தார். அதற்கு முன் வட அமெரிக்காவின் ஈரி ஏரியில் அதே படகில் பல ஆண்டுகள் ஓட்டியவர் அவர். வழியில் பல முறை கடலில் விழுந்தும், படகோடு கயிற்றால் பிணைத்திருந்ததால் மீண்டும் ஏறினார். 6.5 மீட்டர் படகுகளில் தனியாக அட்லாண்டிக்கைக் கடக்கும் மினி டிரான்ஸாட் போட்டிக்குத் தகுதி பெறவே, எங்கும் நிற்காமல் 1,000 கடல் மைல் தனியாக ஓட்டிக் காட்ட வேண்டும்.

இப்போது வேறொருவரிடம் கற்கிறேன். சேருவதற்கு முன் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன்: பயணத்துக்கான முழுச் சுமையோடு, அலையில், யாரும் தொடாமல் படகைக் கவிழ்த்து, நிமிர்த்தி, இறைத்து, மறுபடி பாய் விரிக்க வைப்பீர்களா? "முதல் வாரமே அதுதான்" என்றார். அதே நாள் பழைய இடத்திலும் ஒரு நண்பரை விட்டு இதே கேள்வியைக் கேட்கச் சொன்னேன். அதெல்லாம் தேவையில்லை என்று பதில் வந்தது.

பயிற்சி கொடுத்தவரிடமே பழைய பீக்கன் வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த முறை கடலுக்குப் போகும்வரை காத்திருக்காதீர்கள். இன்றே எடுத்து, பேட்டரித் தேதியையும் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.