கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கேமிங் கணினி: ரிச்சி தெருவில் வாங்கி, ஆறு மாதம் ஓட்டிப் பார்த்த பின்

கல்லூரியில் சேரவிருந்த என் அண்ணன் மகனுக்காக, 50,000 ரூபாய்க்குள் முடிக்கவேண்டும் என்ற கணக்கோடு, 2025 ஜூன் மாதத்தில் கணினிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் உள்ள ஒரு கடையில், திரைக் காட்சிகளை உருவாக்கும் தனிப் பலகையான கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத ‘கேமிங் பிசி’ ஒன்றை வாங்கினோம். கடையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இங்கே குறையாக நான் எழுதுவன அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியவை அல்ல. அன்று நாங்கள் ஏறி இறங்கிய ஐந்து கடைகளில் நான்கில் ஏறத்தாழ இதே பேச்சுதான், இதே கொட்டேஷன்தான். கணினி இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனால் அது நன்றாக ஓடுவதற்குக் கடை செய்ததைவிட, வீட்டுக்கு வந்தபின் நாங்கள் செய்ததே அதிகம்.

கார்டு இல்லாமல் வாங்குவது கஞ்சத்தனம் அல்ல. அன்று என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 27,000 ரூபாய்க்குக் குறைத்து யாரும் விலை சொல்லவில்லை. எங்கள் வரம்பில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். 2021இல், கணினிகளை ஓட்டி கிரிப்டோ நாணயம் ஈட்டும் ‘சுரங்கக்காரர்கள்’ கார்டுகளை அள்ளிக்கொண்டு போன காலத்தில், ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி போன்ற, உள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள ப்ராசசரை வைத்துப் பலர் நாள் தள்ளினார்கள். 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகள் தேவைப்படாத முறைக்கு மாறியதும் அந்த நெருக்கடி தளர்ந்தது. ஆனால் ‘இப்போது கார்டு இல்லாமல் வாங்குங்கள், பிறகு போட்டுக்கொள்ளலாம்’ என்ற அந்தக் காலத்துப் பேச்சு மட்டும் கடைகளில் அப்படியே தங்கிவிட்டது. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ‘பிறகு’ என்ற சொல்லைப் பற்றியதுதான்.

முதல் கடையில் எங்களுக்கு நீட்டப்பட்ட கொட்டேஷன் 36,000 ரூபாய்க்கு இருந்தது. ஐ5 12400எஃப் ப்ராசசர், 16 ஜிபி ராம், கண்ணாடிக் கதவு வைத்த கேபினட், நான்கு வண்ண விசிறிகள். விலையைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பையன்தான் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “அண்ணா, இதுல டிஸ்ப்ளே எப்படி வரும்?” என்று கடைக்காரரிடம் கேட்டான். இன்டெல் ப்ராசசரின் எண்ணுக்குப் பின்னால் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் அதற்குள் கிராஃபிக்ஸ் இல்லை என்று பொருள். மதர்போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருக்கும். கேபிளைச் செருகினால் பொருந்தும். திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். கடைக்காரர் தயங்காமல், “ஒரு சின்ன கார்டு போட்டுக்கலாம் சார், 3,000 ரூபாய்ல பழசு இருக்கு” என்றார். ‘எஃப்’ இல்லாத 12400ஐ அவர் சொல்லவே இல்லை. ஏஎம்டியிலும் இந்தக் கண்ணி உண்டு. ரைசன் 5 5500, 7500எஃப் ஆகியவற்றில் கிராஃபிக்ஸ் கிடையாது. 5600ஜி, 8600ஜி ஆகியவற்றில் உண்டு. கார்டு இல்லாத கணினி வாங்கப் போகிறவர், வேறு எதையும் படிக்காவிட்டாலும், இந்த எழுத்துகளை மட்டுமாவது படித்துவிட்டுப் போகவேண்டும்.

கடைசியில் நாங்கள் வாங்கியது ரைசன் 5 8600ஜி வைத்த கணினி. பி650 வகை மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ராம், ஒரு டிபி எஸ்எஸ்டி, கணினிக்குள் மின்சாரம் கொடுக்கும் 450 வாட் எஸ்எம்பிஎஸ், கேபினட் எல்லாம் சேர்த்து, ஜிஎஸ்டியோடு 48,500 ரூபாய். மானிட்டர் தனி. 2024 தொடக்கத்தில் வெளிவந்த இந்த ப்ராசசரில் ஆறு கோர்களும் ரேடியான் 760எம் என்ற உள்கிராஃபிக்ஸும் உள்ளன. கார்டு இல்லாமலே ஓரளவுக்கு விளையாடலாம் என்று இதன் பெட்டியை வைத்துக்கொண்டு சொன்னால் அது பொய் இல்லை.

பொய், ‘பிறகு கார்டும் போட்டுக்கொள்ளலாம்’ என்ற அதற்கு அடுத்த வாக்கியத்தில் இருக்கிறது. கார்டே வாங்கப்போவதில்லை என்று முடிவு செய்தவருக்கு 8600ஜி நல்ல தேர்வு. ஓராண்டில் கட்டாயம் கார்டு வாங்குவேன் என்பவருக்கு அது அவ்வளவு நல்ல தேர்வு இல்லை. பெரிய உள்கிராஃபிக்ஸுக்கு இடம் கொடுப்பதற்காக அதில் எல்3 கேஷ் என்ற, ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம் 16 எம்பியாகச் சுருக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ அதே விலையில் கிடைத்த ரைசன் 5 7600இல் அது 32 எம்பி. நல்ல கார்டு ஒன்றைப் போட்டபின், விளையாட்டில் இந்தக் கேஷ் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். கார்டுக்கும் ப்ராசசருக்கும் இடையே உள்ள பாதையும் 8600ஜியில் எட்டு லேன்கள், அதாவது எட்டுத் தடங்கள்தான்; அதற்குத் தம்பியான 8500ஜியில் நான்கே நான்கு. மதர்போர்டுப் பெட்டியில் பதினாறு என்று அச்சிட்டிருந்தாலும் ப்ராசசர் கொடுப்பதுதான் கிடைக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 தானே எட்டு லேன்களைத்தான் கேட்கிறது என்பதால் 8600ஜிக்கு அதில் நட்டமில்லை. 8500ஜி வாங்கியவர் பாடுதான் திண்டாட்டம். மறுபுறம், 7600க்குள் இருக்கும் உள்கிராஃபிக்ஸ் மிகச் சிறியது. திரையில் படம் வரும், யூடியூப் ஓடும், விளையாட்டு என்று பெரிதாக எதிர்பார்க்க முடியாது. ஆகவே இன்றைக்கே விளையாடவேண்டுமா, கார்டு வரும்வரை பொறுக்கலாமா என்ற கேள்விக்கு வாங்குகிறவர் முதலில் பதில் சொல்லியாகவேண்டும். இரண்டும் நடக்கும் என்று ஒரே பெட்டியைக் காட்டி விற்பவர், இரண்டிலும் பாதியைத்தான் விற்கிறார். நாங்கள் பையனிடம் கேட்டோம். கார்டு வாங்க இரண்டு ஆண்டாவது ஆகும், இப்போதே விளையாடவேண்டும் என்றான். அதனால்தான் 8600ஜி.

கடையிலேயே கேபினட்டைத் திறந்து பார்த்தது அன்று நாங்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம். எஸ்எம்பிஎஸ் மேல் பெரிய எழுத்தில் 450 என்று இருந்தது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் சிறிய கட்டத்தைப் படித்தால், 12 வோல்ட் வரிசையில் 25 ஆம்பியர் என்று இருந்தது. 12ஐ 25ஆல் பெருக்கினால் 300. ப்ராசசரும் கார்டும் உண்பது அந்த 12 வோல்ட் வரிசையிலிருந்துதான். மீதி வாட் எல்லாம் அலங்காரம். அதைவிட முக்கியமாக, கார்டுக்கு மின்சாரம் கொடுக்கும் எட்டு முனை கேபிளே அதில் இல்லை. ப்ராசசருக்குப் போகும் எட்டு முனை கேபிள் ஒன்று இருந்தது; பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பொருத்தக்கூடாது. 115 வாட் மட்டுமே கேட்கும் 4060க்குக்கூட, 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்றுதான் என்விடியாவே பரிந்துரைக்கிறது. ‘பிறகு கார்டு போட்டுக்கொள்ளலாம்’ என்று வாயால் சொல்லிக்கொண்டே, கார்டுக்குக் கேபிள் இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸைக் கையால் பொருத்திக் கொடுப்பதை என்னவென்று சொல்வது? 1,800 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் பிரான்ஸ் சான்று பெற்ற 550 வாட் ஒன்றாக மாற்றிக்கொண்டோம். முகம் கோணாமல் மாற்றிக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

பக்கக் கதவின் திருகின்மேல் ‘ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி இல்லை’ என்று ஒட்ட வந்த கடைப் பையனை நான் தடுத்தேன். கதவைத் திறக்காமல் கார்டை எந்த வழியாகப் போடுவது? முதலாளி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். ஸ்டிக்கரை ஒட்டாமல், பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் எழுதிக் கொடுத்தார். சீரியல் எண் உள்ள பில் கையில் இருந்தால், கடையின் ஓராண்டு வாரண்டி முடிந்தபின்னும் ப்ராசசர், மதர்போர்டு போன்றவற்றுக்கு அந்தந்த நிறுவனத்தின் மூன்றாண்டு வாரண்டியை நாமே நேரே கேட்கலாம்.

வீட்டுக்கு வந்த முதல் இரவு ஏமாற்றமாக இருந்தது. வாலொரண்ட் என்ற விளையாட்டு திறக்கவே மறுத்தது. அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள், விண்டோஸ் 11இல், கணினி தொடங்கும்போதே நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கவேண்டும் என்று கேட்கும். கடையில் அதை அணைத்தே வைத்திருந்தார்கள். விண்டோஸும் உரிமம் இல்லாத பிரதிதான், ஆன்டிவைரஸைத் தூங்கவைத்து ஆக்டிவேட் செய்யப்பட்டது. பில்லில் விண்டோஸ் என்ற பெயரே இல்லை என்பதை நான் கடையிலேயே கவனித்திருக்கவேண்டும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, விண்டோஸை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிப் புதிதாகப் போட்டோம். உரிமத்தின் விலையையும் சேர்த்தால் வரம்பு இன்னும் மீறும் என்பதை வாங்குகிறவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ளவேண்டும்.

அதன்பின்னும் விளையாட்டுகள் தடுமாறின. ஜிடிஏ ஃபைவ், 1080பி அளவில், நடுத்தர அமைப்பில் நொடிக்கு 48 ஃபிரேம்களை ஒட்டியே நின்றது. சைபர்பங்க் 2077 மிகக் குறைந்த அமைப்பிலும் 24ஐத் தாண்டவில்லை. காரணம் ராம். தனிக் கார்டுக்கு அதன் மேலேயே சொந்த நினைவகம் இருக்கும். உள்கிராஃபிக்ஸுக்கு அப்படி எதுவும் இல்லை, ப்ராசசர் உண்ணும் தட்டிலேயே அதுவும் கைவைத்து உண்ணவேண்டும். கடைக்காரர் 16 ஜிபியை ஒரே குச்சியாகப் போட்டிருந்தார். பக்கத்து ஸ்லாட் காலி. அந்தக் குச்சி 6000 வேகத்துக்கு உரியது என்றாலும், பையாஸ் என்ற மதர்போர்டின் அடிப்படை அமைப்புப் பக்கத்தில், ராமை அதற்குரிய முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அமைப்பை யாரும் இயக்காததால் 4800இல் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒற்றைக் குச்சி, 4800 வேகம் என்றால் நொடிக்கு 38.4 ஜிபி செல்லும் பாதை; இரட்டைக் குச்சி, 6000 வேகம் என்றால் 96 ஜிபி. கார்டு உள்ள கணினியில் ஒற்றைக் குச்சி சிறு குறை, கார்டு இல்லாத கணினியில் அது கழுத்தை நெரிப்பதற்குச் சமம்.

மறுநாள் அதே வகைக் குச்சி இன்னொன்றை 4,300 ரூபாய்க்கு வாங்கிவந்து பொருத்தி, எக்ஸ்போவை இயக்கி, பையாஸில் உள்கிராஃபிக்ஸுக்கு 4 ஜிபியை ஒதுக்கினோம். ஜிடிஏ 80ஐத் தாண்டியது. சைபர்பங்க் 38இல் நின்றது. படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் எஃப்எஸ்ஆரை இயக்கினால் 50ஐத் தொடும், கொஞ்சம் மங்கலாக. வாலொரண்ட் எங்கள் 100 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குத் தேவையானதைவிட எப்போதும் இரண்டு மடங்கு மேலேயே ஓடுகிறது. “சித்தப்பா, இது வேற பிசி மாதிரி இருக்கு!” என்றான் பையன். 4,300 ரூபாயில் இவ்வளவு வேறுபாட்டைக் கணினியில் நான் இதற்குமுன் கண்டதில்லை. அதே ஆண்டின் இறுதியில், ஏஐ டேட்டா சென்டர்களுக்கான தேவையால் ராம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தபின், ஜூனிலேயே இரண்டாவது குச்சியை வாங்கியது எங்கள் நல்ல நேரம் என்றுதான் தோன்றுகிறது. இன்று வாங்குகிறவர், ‘ராமையும் பிறகு போட்டுக்கொள்ளலாம்’ என்ற பேச்சுக்கு மயங்கவே கூடாது.

ஆக மொத்தம் 54,600 ரூபாய் ஆயிற்று.

நிறைகள் இல்லாமல் இல்லை. பெரிய கார்டு இல்லாததால் கணினி மின்சாரத்தைக் குறைவாகவே இழுக்கிறது. மாலையில் கரண்ட் போனால், பழைய 600 விஏ யுபிஎஸ் ஆட்டத்தை முடித்துக் கணினியை ஒழுங்காக அணைக்கும் அளவுக்குத் தாங்குகிறது. ப்ராசசரோடு வரும் விசிறியே போதுமானதாக இருக்கிறது, ஏசி இல்லாத அறையில் சென்னை ஜூன் மாதத்து வெக்கையில் மட்டும் அது இரைந்தது. கேபினட் எனக்குப் பிடிக்கவில்லை. முன்பக்கம் முழுவதும் கண்ணாடி என்பதால் மூன்று வண்ண விசிறிகளும் கண்ணாடியைப் பார்த்து வீசுகின்றன. காற்று வருவது ஓரத்தில் உள்ள விரற்கடை இடைவெளி வழியாகத்தான். வண்ணத்தை மாற்ற ஒரு ரிமோட் வேறு கொடுத்திருக்கிறார்கள். அந்த ரிமோட்டுக்கும் விசிறிகளுக்கும் ஆன செலவில் அந்த இரண்டாவது குச்சி ராமில் பாதியாவது வந்திருக்கும். பின்பக்கத்தில் கார்டுக்கான தகடுகள் திருகில் நிற்பவை அல்ல, முறித்து எடுப்பவை. ஒருமுறை முறித்தால் திரும்பப் பொருத்த முடியாது. கார்டு வாங்கும் நாளில் சரியான இரண்டு தகடுகளை எண்ணி முறிக்கவேண்டும்.

அதே கடைக்கு மீண்டும் போவேனா என்றால், போவேன். விலை நியாயம், கேட்டதை மாற்றித் தந்தார்கள், நான்காம் மாதம் ஒரு விசிறி கரகரத்தபோது பில்லைக் காட்டியவுடன் வேறு கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் தரும் கொட்டேஷனை வாங்கமாட்டேன். ப்ராசசரின் கடைசி எழுத்து, ராம் குச்சிகளின் எண்ணிக்கை, எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் ஆம்பியர், எட்டு முனை கேபிள் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், முதலில் அதை நீட்டுவேன்.