உப்புத் தண்ணி வீட்டுக்கு எது சரி: கேஸ் கீசரா, கரண்ட் கீசரா?

உப்பில்லாத சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீடுகளில் எந்தக் கீசரை மாட்டினாலும் வருஷக்கணக்கில் ஓடும். பாடு படுவது, போர் தண்ணியை மேல்தொட்டிக்கு ஏற்றும் பல்லடம், காங்கயம், அவிநாசிப் பக்கத்து வீடுகள்தான். குழாய் வாயில் வெள்ளையாகப் படிகிற உப்பு கீசருக்குள்ளும் படியும். அங்கே விலையைப் பார்ப்பதற்கு முன்னால், எது எப்படிப் பழுதாகும், அதை யார் சரிசெய்வது என்று பார்க்க வேண்டும்.

கரண்ட் கீசரில் பழுது உள்ளே ஒளிந்துகொண்டு வளரும். முதல் அடையாளம் சத்தம்: சூடேறும்போது படபடவென்று பொரிகிற மாதிரி கேட்டால், தண்ணியைச் சூடாக்கும் கம்பியான எலிமென்ட்டில் உப்பு ஏறிவிட்டது. அதற்கு மேலும் ஓட்டினால் எலிமென்ட் அளவுக்கு மீறிச் சூடாகி உறை வெடிக்கும். பிறகு சுவிட்சைப் போட்டதும் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச், விழும். விழுகிறதே என்று அதை பைபாஸ் செய்வது உயிரோடு விளையாடுவது. உள்ளே இருக்கும் மெக்னீசியம் ராடு தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைவதற்காக வைத்தது. உப்புத் தண்ணியில் வருஷம் ஒருமுறை திறந்து பார்த்து மாற்றாவிட்டால் அடுத்து தொட்டியே ஓட்டையாகும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 50 டிகிரியில் வைத்தால் உப்புப் படிவது நன்றாகக் குறையும்.

சூடேற நேரமாகிறது என்றால் உடனே எலிமென்ட்டைக் குற்றம் சொல்லாதீர்கள். 2,000 வாட் எலிமென்ட் 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக 20 நிமிஷத்துக்குள் போதும். வோல்டேஜ் 230இலிருந்து 180க்கு இறங்கினால் அதே எலிமென்ட் 1,225 வாட்தான் இழுக்கும். அரை மணி நேரம் ஆகிவிடும். பழுது லைனில், கீசரில் இல்லை.

கேஸ் கீசரின் பழுதைக் காதை வைத்தே பிரித்துவிடலாம். அதனால்தான் மெக்கானிக் சீக்கிரம் வராத தோட்டத்து வீடுகளுக்கு அதைச் சொல்கிறோம். குழாயைத் திறந்ததும் தீப்பொறி விழும் டிக்டிக் சத்தமே இல்லையா? இரண்டு பெரிய 1.5 வோல்ட் செல்களை மாற்றுங்கள். அப்போதும் இல்லை என்றால் தண்ணீர் நுழையும் இடத்து வலையைக் கழற்றிக் கழுவுங்கள். அதுவும் சுத்தமாக இருந்தால் தண்ணீர் அழுத்தம் போதவில்லை, அல்லது தண்ணீர் அழுத்தத்தை உணரும் ரப்பர் சவ்வான டயாஃபிரம் கிழிந்திருக்கிறது. மேல்தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மாடிக் குளியலறையில் அடிக்கடி வரும் தொல்லை இது. மேல்தொட்டி கீசரைவிட 2 மீட்டராவது உயரத்தில் இருந்தால் நல்லது. டிக்டிக் கேட்டும் தீ பிடிக்காவிட்டால் சிலிண்டர், ரெகுலேட்டர், கேஸைத் திறந்துவிடும் சோலினாய்டு வால்வு என்ற வரிசையில் பாருங்கள். பிடித்த தீ சில விநாடியில் அணைந்தால் தீயை உணரும் கம்பியில் கரி. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் போதும். 20 நிமிஷம் ஓடித் தானாக அணைந்தால், பல மாடல்களில் அது பாதுகாப்பு டைமர். தாமதமாக ‘டப்’பென்று பற்றினால் மட்டும் சிலிண்டரை மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

தண்ணீர் ஓடிச் சூடாகும் செம்புக் காயிலில் உப்பு அடைத்தால் தண்ணீர் நூலாகவும் கொதிப்பாகவும் வரும். கேஸை மூடி, செல்லைக் கழற்றி, லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்த கரைசலைக் காயிலுக்குள் நிரப்பி, நுரை அடங்கும்வரை விட்டு, நன்றாக அலசுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட் வேண்டாம், செம்பையே தின்றுவிடும்.

செலவில் பெரிய சண்டை இல்லை: ஒரு 15 லிட்டர் வாளியைக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர கேஸில் சுமார் 30 கிராம், கரண்டில் சுமார் 0.3 யூனிட்.

ஆனால் கேஸ் கீசரின் ஒரு பழுதை மன்னிக்கவே முடியாது. காற்றுப் போதாத இடத்தில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. கதவைச் சாத்திக் குளிப்பவருக்குத் தெரியாமலே உயிர் போய்விடும். ஆகவே குளியலறைக்குள் மாட்டவே கூடாது. பொடக்காளிப் (வீட்டுப் பின்புறம்) பக்கத்து வெளிச்சுவரில் மழை படாமல் மாட்டி, சுடுதண்ணிக் குழாயை மட்டும் உள்ளே விடுங்கள். தீ நீலமாக எரிகிறதா என்று கண்ணாடித் துளை வழியே அவ்வப்போது பாருங்கள். மஞ்சளாக மாறினால் பர்னரைச் சுத்தம் செய்யும்வரை பற்றவைக்காதீர்கள். அப்படி வெளிச்சுவர் கிடைக்காத அபார்ட்மென்ட் என்றால் யோசிக்கவே வேண்டாம், கரண்ட் கீசர்தான்.