உடைந்த கார் கதவுக் கண்ணாடி: ஷோரூமா, ஊர்க் கடையா, பழைய சாமானா?

ஒரே கண்ணாடிக்கு எனக்கு மூன்று விலை சொன்னார்கள். ஷோரூமில் 4,150 ரூபாய். கிருஷ்ணகிரி பெங்களூரு ரோட்டில் உள்ள கார் கண்ணாடிக் கடையில் 2,300. பழைய சாமான் வாங்கித் தருபவர் 900 என்றார். வண்டி 2017 மாடல் சின்னக் கார். உடைந்தது இடது பக்கப் பின்கதவுக் கண்ணாடி.

வைகாசி முகூர்த்த நாள். மண்டபத்துக்குள் இடமில்லாததால் தெருவோரம் நிறுத்தியிருந்தேன். ரிசப்ஷன் முடிந்து பத்தரை மணிக்கு வந்து பார்த்தால், பின்சீட்டு முழுக்கக் கல்லுப்பைக் கொட்டி வைத்தது போலக் கண்ணாடிச் சில்லு. மனைவியின் மாற்றுப் புடவையும் மகளின் கணக்கு நோட்டும் வைத்திருந்த பையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். எடுத்தவனுக்கு அந்தப் பையால் ஐந்து பைசா பிரயோஜனம் இருந்திருக்காது. பரீட்சைக்கு எழுதிவைத்த நோட்டு போய்விட்டதே என்று மகள் அழுததுதான் எனக்கு இன்றைக்கும் மனதில் நிற்கிறது.

அன்றிலிருந்து நாலைந்து நாள் நான் அலைந்து, கேட்டு, பக்கத்தில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். முதலில் கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம். இது தெரியாமல் விலையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

காரின் முன்கண்ணாடி, இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது. அடிபட்டால் விரிசல் விடும், ஆனால் உதிராது. பெரும்பாலான வண்டிகளில் கதவுக் கண்ணாடி அப்படி இல்லை. அது டஃபன் கண்ணாடி. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று ஆறவைப்பார்கள். அதனால் வெளிப்பரப்பு இறுகி, சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு உறுதியாகிவிடும். உடைந்தால் கத்தி போல நீளமாகத் துண்டாகாமல் சின்னச் சின்னக் கட்டிகளாக உதிரும். கழுத்துக்கும் முகத்துக்கும் அரை அடி தள்ளி இருக்கும் கண்ணாடிக்கு இந்தக் குணம் எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்படிப் பதப்படுத்திய கண்ணாடியை அப்புறம் வெட்டவே முடியாது. வெட்டப் போனால் மொத்தமும் நொறுங்கிவிடும். அளவுக்கு வெட்டி, ஓட்டை போட்டு, வளைத்த பிறகுதான் தொழிற்சாலையில் பதப்படுத்துகிறார்கள். அதனால் யாராவது "அளவு கொடுத்துட்டுப் போங்கண்ணா, சாயங்காலம் வெட்டிப் போட்டுர்றேன்" என்று சொன்னால், அவர் போடப்போவது ஜன்னலுக்கும் ஷோகேஸுக்கும் போடுகிற சாதாரணக் கண்ணாடி. அடுத்த முறை வண்டி எங்காவது மோதினால் அது ஈட்டி ஈட்டியாக உடையும். நெடுஞ்சாலை ஊர் என்பதால் நம் பக்கம் பழைய ஜீப்பு, டெம்போ, லாரி வேலை பார்க்கும் பட்டறைகள் நிறைய. அங்கே பழகிய கை, காருக்கும் அதையே செய்யப் பார்க்கும். என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். அக்ரிலிக் ஷீட்டும் வேண்டாம், சில மாதங்களிலேயே கீறல் விழுந்து சைடு மிரரே தெரியாது.

நல்ல கண்ணாடியை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. கீழ் மூலையில் வெள்ளையாக ஒரு முத்திரை பதிந்திருக்கும். செய்த கம்பெனியின் பெயர், ஐ.எஸ். 2553 என்ற இந்தியத் தர எண், ஐ.எஸ்.ஐ. முத்திரை எல்லாம் அதில் இருக்கும். உடையாமல் இருக்கும் மற்ற மூன்று கதவுகளிலும் முத்திரையைப் பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நிறமும் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் கண்ணாடி லேசான பச்சை. ஒரு கதவுக்கு மட்டும் வெள்ளைக் கண்ணாடி போட்டால் வெயிலில் நிறுத்தும்போது தனியாகத் தெரியும்.

சரி, ஷோரூம் விஷயத்துக்கு வருவோம். அங்கே போட்டுத் தருவதும் கார் கம்பெனியே செய்த கண்ணாடி இல்லை. கார் கம்பெனிகள் கண்ணாடி செய்வதில்லை. ஆசாஹி, செயின்ட் கோபேன் போன்றவர்களிடம் வாங்குகிறார்கள். செயின்ட் கோபேனின் தொழிற்சாலை ஒன்று நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே இருக்கிறது. அதே பெரிய கம்பெனிகளின் கண்ணாடி வெளிச் சந்தையிலும் கிடைக்கிறது; கார் கம்பெனியின் சின்னம் மட்டும் இருக்காது. ஆகவே 4,150க்கும் 2,300க்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி கண்ணாடிக்கு இல்லை. கூலி, கூலிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., கேட்காமலே சேர்த்த புது பீடிங் (கண்ணாடி ஓர ரப்பர்), இன்டீரியர் கிளீனிங் என்று ஒரு வரி, எல்லாம் சேர்ந்துதான் அந்தத் தொகை.

கண்ணாடி ஸ்டாக்கில் இல்லை, ஆர்டர் போட்டு வர மூன்று நாள், வண்டியை விட்டுவிட்டுப் போகலாம் என்றார்கள். தினமும் கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் ஓடுகிற எனக்கு மூன்று நாள் என்பது பெரிய செலவு. ஆனால் ஷோரூமை நான் குறை சொல்ல மாட்டேன். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் அங்கேதான் விட வேண்டும். சைடு ஏர்பேக் உள்ள சில வண்டிகளில் மோதலை உணரும் சென்சார் முன்கதவுக்கு உள்ளேயே இருக்கும். தெரியாத கை அதைத் தொடக் கூடாது. அந்த வண்டிக்காரர்களுக்கு ஆயிரம் இரண்டாயிரம் கூடுதல் என்பது நியாயமான விலைதான்.

எனக்கு ஊர்க் கடைதான் சரிப்பட்டது. ஆனால் எல்லா ஊர்க் கடையும் சரிப்படும் என்று அர்த்தமில்லை. இரண்டு கடை பார்த்தேன். முதல் கடையில் ஒரே கேள்விதான் கேட்டேன்: "கதவுக்குள்ள விழுந்த சில்லை எப்படி எடுப்பீங்க?" அவர் சொன்ன பதில்: "அது கீழேயே கிடக்கும் சார், ஒண்ணும் பண்ணாது." அங்கிருந்து கிளம்பிவிட்டேன். இரண்டாவது கடையில் அதே கேள்விக்குப் பையன் ஒன்றும் சொல்லாமல் ஓரத்தில் இருந்த வேக்குவம் கிளீனரைக் காட்டினான்.

சேலத்திலிருந்து பஸ் பார்சலில் கண்ணாடி மறுநாள் காலையில் வந்துவிட்டது. முத்திரையைப் பார்த்த பிறகுதான் கதவைத் தொடச் சொன்னேன். வேலை ஒன்றே கால் மணி நேரம். அதில் கண்ணாடி மாட்டியது இருபது நிமிடம்கூட இருக்காது. மீதி நேரம் முழுக்கச் சுத்தம்தான்.

கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றி, டோர் பேடை (கதவின் உள்பக்க மூடியை) ஓரமாக நெம்பி, கிளிப் ஒவ்வொன்றாக டப் டப் என்று விடுவித்தான் அந்தப் பையன். ஒரு கிளிப் உடைந்தது. டப்பாவிலிருந்து புதிது எடுத்துப் போட்டான், காசு கேட்கவில்லை. பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது, சுற்றிலும் கருப்புப் பிசின். அதைக் கிழிக்காமல் நூல் பிரிப்பது போல மெதுவாகப் பாதி உரித்து மடித்தான். உள்ளே கை விட்டு அள்ளினால் இரண்டு கை நிறையச் சில்லு. அப்புறம் வேக்குவம். அப்புறம் கதவின் அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் ஓட்டைகளை ஒரு கம்பியால் குத்திவிட்டு, கதவை நாலு முறை ஓங்கிச் சாத்தினான். ஒவ்வொரு முறையும் அந்த ஓட்டைகள் வழியாகச் சில்லு கொட்டியது. ஐந்தாவது முறை எதுவும் வரவில்லை.

முதல் கடைக்காரர் "ஒண்ணும் பண்ணாது" என்ற சில்லு இதுதான். உள்ளேயே விட்டால் அந்த ஓட்டைகள் அடைத்துக்கொள்ளும், மழைத் தண்ணீர் கதவுக்குள் நின்று துருப்பிடிக்கும். கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர்ப் பள்ளத்தில் ஒரு சில்லு மாட்டினால்கூடப் போதும், புதுக் கண்ணாடியில் மேலிருந்து கீழே நேர்க்கோடாகக் கீறல் விழுந்துவிடும். பையன் அந்தப் பள்ளம் முழுக்க விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் கண்ணாடியை இறக்கினான். கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரில் போல்ட்டை லேசாக மட்டும் பிடித்து, கண்ணாடியை முழுக்க ஏற்றி, இரண்டு பக்கமும் சமமாக உட்காருகிறதா என்று பார்த்து, அப்புறம் முறுக்கினான். கடைசியில் பிளாஸ்டிக் தாளை அதே பிசினில் திரும்ப ஒட்டினான். இந்தத் தாள் முக்கியம். பல கடைகளில் கிழித்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். வெளியே பார்த்தால் தெரியாது, ஆனால் மழையில் கதவுக்குள் இறங்கும் தண்ணீர் அந்தத் தாள் இல்லாவிட்டால் வண்டிக்குள் கால்மிதி மேட்டுக்கு அடியில் வந்துவிடும். ஒரு வாரத்தில் நாற்றம் பிடிக்கும்.

பழைய சாமான் பக்கம் சீக்கிரம் முடித்துவிடலாம். பெங்களூரு சிவாஜி நகரிலும் சென்னை புதுப்பேட்டையிலும் கழற்றிய கண்ணாடி கிடைக்கும், கம்பெனி முத்திரையோடேயே கிடைக்கும். தயாரிப்பு நின்றுபோன பழைய வண்டி வைத்திருப்பவருக்கு அதுதான் வழி, நல்ல வழியும்கூட. ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். டஃபன் கண்ணாடியின் பலவீனமே ஓரம்தான், அங்கே சின்னதாகப் பெயர்ந்திருந்தால் ஒருநாள் கதவை வேகமாகச் சாத்தும்போது தானாக உதிர்ந்துவிடும். என் வண்டிக்குப் புதுசே கிடைக்கும்போது 900 ரூபாய்க்குக் கண்ணாடி, மாட்டுக்கூலி தனி, போக்குவரத்து தனி என்று போனால் மிச்சப்படுவது சொற்பம்.

வீட்டுக்கே வந்து மாட்டித் தருபவர்கள் ஓசூர், பெங்களூரு பக்கம் இருக்கிறார்கள். ஓசூரிலிருந்து இங்கே சுமார் 50 கிலோமீட்டர் வருவதற்கு வண்டிச் செலவு கேட்டார்கள். ஓசூரிலேயே இருப்பவர்களுக்கு ஒத்துவரலாம்.

இதுவரை சொன்னது ஏறி இறங்கும் கதவுக் கண்ணாடிக்கு மட்டும். பின்னால் முக்கோணமாக, அசையாமல் இருக்கும் சின்னக் கண்ணாடி உடைந்தால் கணக்கே மாறிவிடும். தருமபுரியில் இருக்கும் என் மச்சானுக்கு உடைந்தது அதுதான். சின்னதுதானே, ஐந்நூறு ரூபாயில் முடியும் என்று நினைத்தார். பல மாடல்களில் அந்தக் கண்ணாடி தனியாக வராது, சுற்றிலும் ரப்பரோடு சேர்த்து வார்த்து ஒரே பாகமாக வரும். பெரிய கண்ணாடியைவிட விலை அதிகம், பிசின் போட்டு ஒட்டி உலரவிடும் வேலையும் உண்டு. நாலு ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் சிலிக்கான் தடவி ஒட்டித் தந்தார்கள். முதல் மழையிலேயே உள்ளே ஒழுகியது. கடைசியில் "மாமா, நீங்க சொன்ன மாதிரியே ஷோரூமுக்கே போயிட்டேன்" என்று போன் செய்தார். அந்தக் கண்ணாடிக்கு மட்டும் ஷோரூம்தான் என்பது என் முடிவு.

இன்ஷூரன்ஸில் போடலாமா? தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தால் பேச்சே இல்லை. முழு பாலிசி இருந்தால் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள், அது நல்ல விஷயம். ஆனால் 1,500 சி.சி. வரை உள்ள காருக்கு முதல் 1,000 ரூபாய் நம் கையிலிருந்து போக வேண்டும். அதைவிடப் பெரிய இழப்பு நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் செய்யாமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. ஓன் டேமேஜ் பிரீமியம் (நம் வண்டியின் சேதத்துக்குக் கட்டுவது) 7,000 என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு வரும் வருடம் 50 சதவீதம் போனஸ் வர வேண்டியது, அதாவது 3,500 தள்ளுபடி. கிளைம் செய்தால் அது பூஜ்யம். அடுத்த வருடம் 20 சதவீதம், அதற்கடுத்து 25. வருடா வருடம் வந்திருக்க வேண்டிய 50 சதவீதத்தோடு ஒப்பிட்டால், மூன்று வருடத்தில் இழப்பது 3,500, 2,100, 1,750 ஆக மொத்தம் 7,350. ஷோரூம் பில்லே 4,150, அதில் 1,000 கழித்தால் கிடைப்பது 3,150. ஒரு கண்ணாடிக்காகக் கிளைம் போடாதீர்கள் என்று சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லி வருகிறேன். போனஸைக் காப்பாற்றும் கூடுதல் கவர் எடுத்திருந்தால் மட்டும் யோசிக்கலாம். கதவும் நசுங்கி, லாக்கையும் உடைத்திருந்தால் பில் பெரிதாகும். அப்போது இந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். பையில் இருந்த பொருளுக்குச் சாதாரண கார் பாலிசியில் எதுவும் வராது.

கிளைம் போடாவிட்டாலும் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள். சில்லைக் கூட்டுவதற்கு முன் போட்டோ எடுங்கள். ஆர்.சி. புத்தகம், ஏ.டி.எம். கார்டு, வீட்டுச் சாவி ஏதாவது பையில் இருந்ததா என்று அன்றிரவே யோசித்துப் பாருங்கள். சாவி போயிருந்தால் கண்ணாடிக்கு முன் பூட்டை மாற்றுங்கள்.

கண்ணாடி வரும்வரை மூடி வைக்க, கனமான பிளாஸ்டிக் ஷீட்டைக் கதவைத் திறந்து சட்டத்தின் மேல் மடித்து, உள்பக்கம் டேப் போட்டு, கதவைச் சாத்திவிடுங்கள். பெயின்ட்டின் மேல் பிரவுன் டேப்பை ஒட்டி நம்மூர் வெயிலில் ஒரு பகல் நிறுத்தினால், கண்ணாடியைவிடப் பெரிய செலவு வந்து சேரும்.

மாட்டிப் பத்து நாள் கழித்து ராயக்கோட்டை வழியாகப் பாலக்கோடு போகும்போது நல்ல கோடை மழை, வைப்பர் முழு வேகத்தில் ஓடியும் ரோடு தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பின்கதவைத் திறந்து மேட்டைத் தூக்கி, உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. கதவின் அடி ஓட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.